எல்லையோரத் தமிழ் மாணவர்களுக்குப் பயன்பாட்டு மொழியியல்: மேற்படிப்புக்கான முழுமையான வழிகாட்டி

கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, மூணாறு, தேவிகுளம். ஆந்திரப் பக்கம் நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம். இந்த ஊர்ப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் தமிழ், கடைவீதியிலும் அலுவலகத்திலும் மலையாளம் அல்லது தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம். பட்டப்படிப்பு முடிந்ததும் "மொழி சம்பந்தமா மேல என்ன படிக்கலாம்?" என்று கேட்டால், எம்.ஏ. தமிழ் படி, இல்லாவிட்டால் எம்.ஏ. ஆங்கிலம் படி என்றுதான் பதில் வரும். இரண்டும் நல்ல படிப்புகள்தான். ஆனால் மூன்று மொழிகளுக்கு நடுவே வளர்ந்த அனுபவத்தையே ஆய்வுப் பொருளாக்கும் ஒரு துறை இருக்கிறது என்பதை இவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பயன்பாட்டு மொழியியல் என்பது மொழி தொடர்பான நடைமுறைச் சிக்கல்களை மொழியியலின் கருவிகளைக் கொண்டு ஆராயும் துறை. மொழி கற்பித்தல், தேர்வு வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, அகராதி, மொழிக் கொள்கை எல்லாம் இதற்குள் வரும். இதன் மிகப் பெரிய கிளை இரண்டாம் மொழி கற்றல் ஆய்வு. ஏற்கெனவே ஒரு மொழி தெரிந்த ஒருவரிடம் அடுத்த மொழி எப்படி வளர்கிறது, எந்த இடத்தில் தேங்குகிறது, வகுப்பறை அதில் என்ன மாற்றம் செய்கிறது என்பவை இதன் கேள்விகள். இது பல மொழிகளைப் பேசக் கற்றுத்தரும் படிப்பு என்று நினைத்துச் சேர்பவர்கள் உண்டு. அவர்கள் முதல் பருவத்திலேயே திணறுவார்கள். இங்கே மொழி என்பது ஆராயும் பொருள்.

இந்த வழிகாட்டியில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: பல்கலைக்கழகத்தைத் தேடுவதற்கு முன் உங்கள் கேள்வியைத் தேடுங்கள். எங்கே சேர்வது, யாரிடம் ஆய்வு செய்வது, எந்தத் தேர்வு எழுதுவது என்பதெல்லாம் அதற்குப் பிறகு தானாகத் தெளிவாகும்.

முதல் படி: உங்கள் ஊரிலிருந்து ஒரு கேள்வி

எல்லையோரத்தில் ஆய்வுக் கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. நாலைந்தை மட்டும் சொல்கிறேன்.

தமிழும் மலையாளமும் நெருங்கிய மொழிகள், ஆகவே கற்பது எளிது என்று பொதுவாகச் சொல்வோம். வினைமுற்றை எடுத்துப் பாருங்கள். தமிழில் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது என்று எழுவாய்க்கு ஏற்ப விகுதி மாறும். மலையாளத்தில் ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு. எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். அப்படியானால் தமிழ் கற்கும் மலையாளிக்கு விகுதி சிக்கலாகுமா? எவ்வளவு காலத்துக்கு? பேச்சிலா, எழுத்திலா, இரண்டிலுமா? ஆந்திரப் பக்கம் நிலைமை வேறு. தெலுங்கில் விகுதி மாறும். ஆனால் ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் ஒரே விகுதி: ஆமெ வச்சிந்தி, அதி வச்சிந்தி. தெலுங்கர் ஒருவர் தமிழ் பேசும்போது "அவள் வந்தது" என்று சொல்வாரா? சொன்னால் அது தாய்மொழியின் தாக்கமா, தமிழ் கற்கும் யாருக்கும் வரக்கூடிய இடைக்காலப் பிழையா? இது ஒரு முனைவர் பட்டத்துக்கே போதுமான கேள்வி. இதை மறுபடியும் எடுத்துப் பேசுவோம்.

அடுத்தது எழுத்து. தமிழில் ஒரே "க" பல ஒலிகளைச் சுமக்கும். மலையாளத்திலும் தெலுங்கிலும் ஒலிப்பு, மூச்சொலி வேறுபாட்டுக்கு ஏற்ப நான்கு தனி எழுத்துகள் (ka, kha, ga, gha). தமிழ் வழியில் முதலில் எழுதப் படித்த குழந்தை மலையாளம் எழுதும்போது எதைத் தவறவிடுகிறது? அந்த ஒலிகள் காதில் விழுவதிலேயே சிக்கலா, விழுந்தும் எழுத்தோடு பொருத்துவதில் சிக்கலா? கேரளத்தில் 2017இல் வந்த சட்டம் பத்தாம் வகுப்பு வரை மலையாளக் கல்வியைக் கட்டாயமாக்கியது. தமிழ்க் குழந்தைகளுக்கு மலையாளத்தை இரண்டாம் மொழியாக எப்படிக் கற்பிப்பது என்பது பாலக்காட்டுப் பக்கச் சித்தூர், தேவிகுளம் தாலுகாக்களின் ஆசிரியர்களுக்கு அன்றாடச் சிக்கல்.

மூன்றாவது கேள்வி இதற்கு நேரெதிர்: வீட்டில் தமிழ் பேசியும் பள்ளியில் ஒருநாளும் தமிழ் படிக்காத பிள்ளைகள். பாட்டியோடு சரளமாகப் பேசுவார்கள்; பேருந்தின் பெயர்ப் பலகையை வாசிக்கத் தெரியாது. இவர்களை மரபுமொழியினர் என்று இத்துறை தனியாகவே ஆராய்கிறது. தமிழுக்கு இதில் இன்னொரு முடிச்சு உண்டு. சார்ல்ஸ் ஃபெர்குசன் 1959இல் விளக்கிய இரட்டை வழக்கு (ஒரே மொழிக்குப் பேச்சில் ஒரு வடிவம், எழுத்தில் வேறு வடிவம்) தமிழில் மிக வலுவானது. வீட்டுத் தமிழும் பாடநூல் தமிழும் அவ்வளவு விலகி நிற்கும்போது, இந்தப் பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் முதல் மொழியா, கிட்டத்தட்ட இரண்டாம் மொழியா? என் பார்வையில், தமிழ் மாணவர் ஒருவர் உலக அளவில் புதிதாகப் பங்களிக்கக்கூடிய இடம் இதுதான்.

நான்காவது, பாடமொழி. எஸ்டேட் லயத்தில் வளர்ந்த தமிழ்ச் சிறுமி மைதானத்தில் மலையாளத்தில் வெளுத்துக்கட்டுவாள். அதைப் பார்த்து ஆசிரியர், இவளுக்கு மொழிச் சிக்கல் இல்லை என்று முடிவு கட்டிவிடுவார். அறிவியல் விடைத்தாளில் அவள் பின்தங்கினால் படிப்பு வராது என்று ஆகிவிடும். ஜிம் கம்மின்ஸ் 1979இல் பேச்சுச் சரளத்தையும் பாடமொழித் திறனையும் பிரித்துக் காட்டினார். கனடாவில் குடியேறிய குழந்தைகளுக்கு முன்னது ஏறக்குறைய 2 ஆண்டுகளில் கைவர, பின்னதற்கு 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும் என்றும் அவர் பிற்பாடு காட்டினார். இந்த ஒரு வேறுபாடு தெரிந்த ஆசிரியர் எத்தனையோ குழந்தைகளை மக்கு என்ற பட்டத்திலிருந்து காப்பாற்ற முடியும். அரசியலமைப்பின் 350ஏ பிரிவு, சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யச் சொல்கிறது. அந்த வசதி எப்படி இயங்குகிறது என்பதையும் வகுப்பறைக்குள் போய் ஆராயலாம்.

அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் குழந்தைகளுக்குத் தமிழ், மலையாளம் இரண்டுமே வீட்டுமொழி அல்ல. மிக முக்கியமான களம். ஆனால் அச்சமூகத்தின் ஒப்புதலும் நெடுநாள் பழக்கமும் இல்லாமல் பட்ட ஆய்வுக்காக ஓடிப்போய்ப் பதிவுசெய்து வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் கேள்வியை இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள். "தமிழ்-மலையாள இருமொழியம் பற்றிய ஓர் ஆய்வு" என்பது தலைப்பு, கேள்வி ஆகாது. யாரிடம், எந்த மொழிக் கூறு, எந்தச் சூழலில், எதோடு ஒப்பிட்டு என்ற நான்கும் இருந்தால்தான் அது கேள்வி.

இரண்டாம் படி: அடித்தளம்

பி.ஏ. தமிழ் படித்தவர்களுக்கு ஒரு பெரிய சொத்து இருக்கிறது. தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்துகள் வாயில் எங்கே எப்படிப் பிறக்கின்றன என்று விவரிக்கிறது. திணை, பால், எண், இடம் என்ற பாகுபாடு உங்களுக்கு மனப்பாடம். மொழியியல் வகுப்பில் மற்றவர்கள் புதிதாகக் கற்பதில் பாதி உங்களுக்குப் பழகியது. மாற்றிக்கொள்ள வேண்டியது பார்வையை. எது வழு என்று தீர்ப்பளிப்பதை விட்டு, மக்கள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள், அதில் என்ன ஒழுங்கு இருக்கிறது என்று பார்க்கப் பழக வேண்டும். ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை வாசிப்பு எளிது; ஒலியியலும், சொல்லின் உறுப்புகளை ஆராயும் உருபனியலும் புதிது. பி.எட். முடித்தவர்களுக்கு வகுப்பறை தெரியும், அது விலைமதிப்பில்லாதது.

துறையின் வரலாற்றை நேர்வரிசையில் படித்தால் குழப்பம் குறையும். 1957இல் ராபர்ட் லாடோ இரண்டு மொழிகளையும் ஒப்பிட்டால் கற்பவரின் சிக்கல்களை முன்கூட்டியே சொல்லலாம் என்றார், இது உறழ்வாய்வு. பிறகு பார்த்தால், சொன்ன இடத்தில் பிழை வரவில்லை, சொல்லாத இடத்தில் வந்தது. 1967இல் பிட் கார்டர், பிழை என்பது கற்பவரின் மனத்தில் ஓடும் ஒழுங்கைக் காட்டும் சான்று என்றார். 1972இல் லாரி செலிங்கர் அந்த ஒழுங்குக்கு இடைமொழி என்று பெயரிட்டார்: தாய்மொழியும் இல்லாத, கற்கும் இலக்கு மொழியும் இல்லாத, தனக்கென விதிகள் கொண்ட ஒரு மொழி. ஸ்டீபன் கிராஷன் எண்பதுகளில், புரியக்கூடிய உள்ளீடு (கேட்டும் படித்தும் கிடைக்கும் மொழி) கிடைத்தாலே மொழி வளரும் என்றார். மெரில் ஸ்வெய்ன் 1985இல் அதை மறுத்தார். கனடாவில் பிரெஞ்சு வழியில் பல ஆண்டு படித்த ஆங்கிலக் குழந்தைகள் கேட்டுப் புரிந்துகொள்வதில் நன்றாக இருந்தும் பேச்சு இலக்கணத்தில் தடுமாறியதைக் காட்டி, பேசவும் எழுதவும் வைத்தால்தான் முழு வளர்ச்சி என்றார். 1990இல் ரிச்சர்ட் ஷ்மிட், கவனத்தில் படாத கூறு கைவராது என்றார். இவர்கள் ஒருவரை ஒருவர் எங்கே மறுக்கிறார்கள் என்று குறிப்பெடுத்துக்கொண்டே படியுங்கள். நுழைவுத் தேர்விலும் நேர்காணலிலும் கேட்கப்படுவது அதுதான்.

நம் மண்ணிலிருந்து போன ஒன்றையும் தவறவிடாதீர்கள். என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரை மையமாக வைத்து, தென்னிந்தியாவின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு கற்பித்தல் திட்டம் நடத்தினார். இலக்கணத்தைப் பாடமாக வைக்காமல், வரைபடம் பார்த்து வழி சொல்வது, கால அட்டவணை பார்த்துக் கணக்கிடுவது போன்ற செயல்கள் வழியாக ஆங்கிலம் கற்பித்தார். செயல்வழி மொழி கற்பித்தல் என்று இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் முறையின் முன்னோடிகளில் அது ஒன்று. எல்லைப் பகுதிக்கு இன்னொரு முன்மாதிரி, கம்பர்ஸும் வில்சனும் 1971இல் வெளியிட்ட குப்வார் ஆய்வு. மகாராஷ்டிர-கர்நாடக எல்லைக் கிராமமான குப்வாரில் மராத்தி, கன்னடம், உருது ஆகியவை நூற்றாண்டுகளாக ஒன்றாகப் புழங்கி, சொற்கள் வேறாக இருந்தும் வாக்கிய அமைப்பில் எவ்வளவு நெருங்கிவிட்டன என்று காட்டியது. கொழிஞ்சாம்பாறைக்கும் நகரிக்கும் அப்படி ஓர் ஆய்வு வந்தால் நான் மகிழ்ச்சியோடு படிப்பேன்.

புள்ளியியல் கணக்கு வராது என்று பயப்படுபவர்கள் பலர். சராசரி, திட்டவிலக்கம், டி-சோதனை, கை-வர்க்கச் சோதனை, தொடர்புப்போக்கு: இவ்வளவும் தெரிந்தால் நுழையலாம். ஆர் என்ற மென்பொருள் இலவசம். சேர்வதற்கு முந்தைய கோடை விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள். ஐ.பி.ஏ. என்ற பன்னாட்டு ஒலிக்குறிகளில் உங்கள் ஊர்ப் பேச்சை எழுதும் பயிற்சியையும் அப்போதே தொடங்கலாம்.

மூன்றாம் படி: எங்கே படிப்பது

இந்தியாவில் "இரண்டாம் மொழி கற்றல்" என்ற பெயரிலேயே முதுகலை தேடினால் ஏமாற்றமே கிடைக்கும். பெரும்பாலும் எம்.ஏ. மொழியியலுக்குள் ஒன்றிரண்டு தாள்களாக இருக்கும். அல்லது ஆங்கிலம் கற்பித்தல் படிப்புகளுக்குள் இருக்கும். ஆகவே படிப்பின் பெயரை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தையும் ஆசிரியர்களின் அண்மைக் கட்டுரைகளையும் பாருங்கள்.

பாலக்காட்டுக்காரர்களுக்கு மிக அருகில் இருப்பது கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறை. திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழக மொழியியல் துறை இருக்கிறது. அதை வளர்த்தெடுத்த வ.அய். சுப்பிரமணியம் நாகர்கோவில் வடசேரிக்காரர். எல்லையிலிருந்து வந்த தமிழர். பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனார். திருவனந்தபுரத்தின் திராவிட மொழியியல் பன்னாட்டுப் பள்ளியும் அவர் உருவாக்கியதுதான். காசர்கோட்டில் கேரள மத்தியப் பல்கலைக்கழகத்திலும் மொழியியல் துறை உண்டு.

ஆந்திரப் பக்கத்தினருக்கு வாசலிலேயே குப்பம் திராவிடப் பல்கலைக்கழகம். 1997இல் தொடங்கப்பட்டது. மூன்று மாநிலங்கள் சந்திக்கும் இடத்தில், திராவிட மொழிகளுக்காகவே அமைந்தது. களம் வளாகத்துக்கு வெளியே சாலையிலேயே கிடைக்கும். ஆனால் ஒரு துறையில் இப்போது யார் பாடம் நடத்துகிறார்கள், எத்தனை இடங்கள் காலி என்பதை நேரில் போய் விசாரித்த பிறகே சேருங்கள். இது எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும்.

சற்றுத் தள்ளிப் போகத் தயார் என்றால், ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு மொழியியல் மற்றும் மொழிபெயர்ப்பியல் மையம் இத்துறைக்கு நேரடியாகப் பொருந்துவது. அதே நகரில் இஃப்ளூ (ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம்), மொழி கற்பித்தல் ஆய்வில் நீண்ட மரபு கொண்டது. 1958இல் ஆங்கிலத்துக்கான மத்திய நிறுவனமாகத் தொடங்கியது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ் மொழியியலுக்குப் பழைய, வலுவான இடம். மைசூரில் 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் தென்மண்டல மொழி மையத்தில் பிற மாநில ஆசிரியர்கள் தங்கி, தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கிறார்கள். வளர்ந்தவர்கள் தமிழை எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய விரும்புபவருக்கு இதைவிடப் பொருத்தமான வகுப்பறை எளிதில் கிடைக்காது.

வெளிநாடு என்றால், ஹவாய் மனோவாவில் இரண்டாம் மொழி ஆய்வுக்கென்றே தனித் துறை இருக்கிறது. மிச்சிகன் ஸ்டேட், வடக்கு அரிசோனா, பிரிட்டனில் லங்காஸ்டர் ஆகியவையும் பெயர் பெற்றவை. பிரிட்டனில் முதுகலை ஓராண்டு, அமெரிக்காவில் வழக்கமாக இரண்டாண்டு. கடன் வாங்கிக்கொண்டு வெளிநாட்டு முதுகலைக்குப் போவதை நான் ஆதரிப்பதில்லை. இந்தத் துறையின் தொடக்கச் சம்பளம் அந்தக் கடனை எளிதில் அடைக்காது. இந்தியாவில் முதுகலை முடித்து, உதவித்தொகையோடு கூடிய முனைவர் படிப்புக்குப் போவது பாதுகாப்பான வழி.

நான்காம் படி: தேர்வும் பணமும்

பெரும்பாலான மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுகலைக்கு கியூட்-பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் நுழைவுத் தேர்வு அல்லது மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கின்றன.

முதுகலையின் இரண்டாம் ஆண்டிலேயே, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வான நெட்டுக்கு விண்ணப்பிக்கலாம். மொழியியலின் பாட எண் 31. முதல் தாளில் 50 கேள்விகள், இரண்டாம் தாளில் 100. மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறான விடைக்குக் கழிவு இல்லை. ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் இந்தத் தொகை. 2024இலிருந்து நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது: ஜே.ஆர்.எஃப்., உதவிப் பேராசிரியர் தகுதி, முனைவர் படிப்புச் சேர்க்கைக்கு மட்டும். பின் இரண்டு வகையினருக்கு, முனைவர் சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும். எம்.ஏ. தமிழ் முடித்தவர்கள் தமிழ் நெட் எழுதுவதா, மொழியியல் நெட் எழுதுவதா என்று கேட்பார்கள். எந்தத் துறையில் வேலை தேடப் போகிறீர்களோ அதில் எழுதுங்கள்.

அமெரிக்க முனைவர் படிப்புகளில் கற்பித்தல் உதவியாளர் பணியோடு கட்டண விலக்கும் மாதத் தொகையும் சேர்ந்து வரும். விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில். பிரிட்டனுக்கு செவனிங், காமன்வெல்த் உதவித்தொகைகள் உண்டு. செவனிங்குக்கு இரண்டாண்டுப் பணி அனுபவம் வேண்டும், முடித்ததும் நாடு திரும்ப வேண்டும்.

ஐந்தாம் படி: விண்ணப்பம்

நோக்க அறிக்கையில் "சிறுவயதிலிருந்தே எனக்கு மொழிகள் மீது ஆர்வம்" என்று தொடங்குபவர்கள் ஏராளம். அதை விட்டுவிட்டு நேராகக் கேள்விக்குப் போங்கள். இப்படி: "பாலக்காட்டின் கிழக்கில் தமிழ் வழிப் பள்ளிகளில் மலையாளம் கற்கும் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் மூச்சொலி எழுத்துகளைத் தவறவிடுகிறார்கள். இது ஒலியைப் பிரித்தறிவதில் உள்ள சிக்கலா, எழுத்துப் பழக்கத்தின் தாக்கமா என்று அறிய விரும்புகிறேன். இதற்குக் கேட்டறிதல் சோதனை, சொல்வதை எழுதும் சோதனை இரண்டையும் ஒப்பிடத் திட்டமிடுகிறேன்." இந்த மூன்று வாக்கியங்கள் ஒரு பக்கப் புகழுரையைவிட அதிகம் சொல்லும். அதன்பின் இதற்கு உங்களிடம் உள்ள தகுதி, இந்தத் துறையில் யாரோடு, ஏன் என்று எழுதுங்கள்.

பேராசிரியருக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பலாம். அவருடைய ஒரு கட்டுரையையாவது முழுதாகப் படித்து, அது உங்கள் கேள்வியோடு எங்கே தொடுகிறது என்று நாலு வரியில் எழுதினால் போதும். பரிந்துரைக் கடிதத்துக்கு, பெரிய பதவியில் இருப்பவரைவிட உங்கள் எழுத்தைப் படித்துத் திருத்திய ஆசிரியரே மேல். பாலக்காட்டுச் சித்தூர் அரசு கல்லூரியின் தமிழாசிரியர் எழுதும் விவரமான கடிதம் வெளிநாட்டிலும் எடுபடும். ஆங்கிலத்தில் எழுத அவர் தயங்கினால், உங்கள் வேலைகளின் பட்டியலைக் கொடுத்து உதவுங்கள்.

ஆறாம் படி: ஆய்வைச் செய்வது

முன்பு சொன்ன வினைமுற்றுக் கேள்விக்கே வருவோம். தமிழ் கற்கும் மலையாளிகள் பலரிடம் பேச்சைப் பதிவுசெய்து, விகுதிப் பிழைகளை எண்ணி, "இது மலையாளத்தின் தாக்கம்" என்று எழுதினால் தேர்வாளர் ஒரே கேள்வியில் அதைக் கவிழ்த்துவிடுவார்: தமிழ் கற்கும் எல்லோருக்கும் இந்தப் பிழை வருமே, உங்களுக்கு எப்படித் தெரியும்?

அதனால்தான் ஒப்பீட்டுக் குழு வேண்டும். ஸ்காட் ஜார்விஸ் 2000இல் தாய்மொழித் தாக்கத்தை நிறுவ மூன்று சான்றுகள் கேட்டார். ஒரே தாய்மொழிக்காரர்கள் தங்களுக்குள் ஒத்துப்போக வேண்டும். வேறு தாய்மொழிக்காரர்களிடமிருந்து விலக வேண்டும். அவர்களுடைய இலக்கு மொழிப் பயன்பாடு தாய்மொழிப் பயன்பாட்டோடு பொருந்த வேண்டும். நமக்கு இரண்டு எல்லைகள் இருப்பது இங்கேதான் கைகொடுக்கிறது. மலையாளத்தில் இட, பால் விகுதியே இல்லை. ஆகவே மலையாளிகளின் பிழை எல்லா இடங்களிலும் பரவலாக வர வேண்டும். தெலுங்கில் விகுதி உண்டு, பெண்பால் ஒருமையும் அஃறிணை ஒருமையும் மட்டும் ஒன்று. ஆகவே தெலுங்கர்களின் பிழை அந்த ஓரிடத்தில் குவிய வேண்டும். இப்படி இரண்டு குழுக்களின் பிழைகளும் வெவ்வேறு வடிவில் வந்தால் தாய்மொழித் தாக்கம் என்று துணிந்து சொல்லலாம். இரண்டும் ஒரே மாதிரி வந்தால் அது கற்றலின் பொதுவான வளர்ச்சிப் படி. எப்படி வந்தாலும் ஆய்வுக்கு விடை கிடைக்கும். நல்ல வடிவமைப்பின் அடையாளம் அதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய சில உண்டு. இரண்டு குழுக்களின் தமிழ்த் திறன்நிலையும் சமமாக இருக்க வேண்டும். அதற்குத் தனியாக ஒரு திறன் சோதனை. பின்னணிக் கேள்வித்தாளில் எத்தனை வயதில் தமிழ் கேட்கத் தொடங்கினார், யாரோடு பேசுகிறார், தொலைக்காட்சி எந்த மொழியில் என்று கேட்க வேண்டும். எல்லை மக்களில் முழுக்க ஒருமொழிக்காரர் அரிது. சினிமா பார்த்தே பாதித் தமிழ் கற்றவர்கள் உண்டு, அதுவும் உள்ளீடுதான். சோதனையும் ஒன்று போதாது. படக்கதை சொல்ல வைத்தால் இயல்பான பேச்சு கிடைக்கும், ஆனால் "நீ", "நாங்கள்" போன்ற வடிவங்கள் வராமல் போகலாம். அவற்றுக்கு, வாக்கியத்தைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனை. வாக்கியம் சரியா தவறா என்று கேட்கும் இலக்கண ஏற்புச் சோதனையில் சரியாகச் சொன்னவர் பேச்சில் தவறலாம். எந்தத் தமிழில் சோதிப்பது என்பதையும் முதலிலேயே தீர்மானியுங்கள்: பேச்சுத் தமிழில் "அவங்க வந்தாங்க", எழுத்தில் "அவர்கள் வந்தார்கள்". வகுப்பில் கற்றவருக்குப் பின்னதும் சந்தையில் கற்றவருக்கு முன்னதும் பழக்கம். இதைக் கலந்துவிட்டால் தரவு முழுவதும் பழுது.

பதிவுகளைப் படியெடுக்க ஈலான், ஒலியை அளக்க பிராட், இரண்டும் இலவச மென்பொருள்கள். ஒரு மணி நேரப் பேச்சைப் படியெடுக்கப் பல மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டே காலத்திட்டம் போடுங்கள். குழந்தை மொழி ஆய்வுக்கு சைல்ட்ஸ் என்ற திறந்த தரவகத்தில் தமிழ்ப் பதிவும் இருக்கிறது. களத்துக்குப் போகுமுன் அதில் பழகலாம். பகுப்பாய்வில் ஒன்றை மறக்காதீர்கள்: ஒரே ஆளிடமிருந்து முப்பது வாக்கியங்கள் வந்தால் அவை முப்பது தனித்தனிச் சான்றுகள் ஆகாது. அதற்குக் கலப்பு விளைவு மாதிரிகள் என்ற புள்ளியியல் முறை உண்டு. ஆர் மென்பொருளில் செய்யலாம்.

பள்ளிக்குள் போக, தலைமையாசிரியர் தலையசைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். கல்வி அலுவலகத்தின் எழுத்து அனுமதி, உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பெற்றோரின் கையெழுத்து, அப்புறம் குழந்தையின் சம்மதம். ஒப்புதல் படிவம் பெற்றோருக்குத் தெரிந்த மொழியில், எளிய நடையில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. குழந்தையின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. சின்ன ஊரில் அப்பாவின் தொழிலைச் சொன்னாலே யாரென்று தெரிந்துவிடும். முடிவு வந்ததும் ஆசிரியர்களுக்குத் தமிழிலோ மலையாளத்திலோ இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்து, அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அடுத்து அதே பள்ளிக்கு வரும் ஆய்வாளருக்குக் கதவு திறப்பதும் மூடுவதும் உங்கள் கையில்.

படித்த பிறகு

உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது முனைவர் பட்டம் வேண்டும். மொழியியல் துறைகள் குறைவு, இடங்களும் குறைவு. ஆனால் மொழியியலாளருக்கு வேலை வாய்ப்பு கல்லூரியோடு முடியவில்லை. பாடநூல் தயாரிப்பு, மொழித் தேர்வு வடிவமைப்பு, பேச்சுத் தரவு தயாரிக்கும் நிறுவனங்கள், மொழிபெயர்ப்பு, அகராதி என்று பல இடங்களில் தமிழோடு மலையாளமோ தெலுங்கோ எழுதப் படிக்கத் தெரிந்தவரைத் தேடுகிறார்கள். பேச மட்டும் தெரிந்தால் போதாது. இரண்டு எழுத்திலும் வேகம் வேண்டும். பெர்க்லி, சிகாகோ, பென்சில்வேனியா போன்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தமிழ் கற்பிக்கப்படுகிறது. அங்கே தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பித்த அனுபவத்துக்கு மதிப்பு அதிகம்.

பள்ளி ஆசிரியராகவே இருக்க விரும்புபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். எம்.ஏ. மொழியியல் மட்டும் வைத்துக்கொண்டு கேரளத்தில் தமிழாசிரியர் ஆக முடியாது. தமிழில் பட்டம், பி.எட்., கே-டெட் (கேரள ஆசிரியர் தகுதித் தேர்வு) ஆகியவை தேவைப்படும். மேல்நிலைப் பிரிவுக்கு எம்.ஏ. தமிழும், செட் என்ற மாநிலத் தகுதித் தேர்வும். அப்படிப்பட்டவர்கள் முதலில் தமிழும் பி.எட்.டும் முடித்து வேலையில் சேர்ந்துவிட்டு, பகுதிநேர முனைவர் ஆய்வாக இத்துறைக்கு வருவது நல்லது. 2022ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிகள் பகுதிநேர ஆய்வை அனுமதிக்கின்றன. பணியிடத்திலிருந்து தடையின்மைச் சான்றிதழ் வேண்டும். உங்கள் வகுப்பறையே அப்போது களமாகும். ஆனால் சொந்த மாணவரிடம் தரவு எடுக்கும்போது, மறுத்தால் மதிப்பெண் குறையும் என்ற பயம் எந்தக் குழந்தைக்கும் வராதபடி, ஒப்புதல் வாங்கும் வேலையை வேறொரு ஆசிரியரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.